விலாங்கு ஏறின ஆறு

ஊட்டிக்குப் போகிற சென்னைக்காரர்கள் அவலாஞ்சி பக்கம் போனால், அங்கே டிரவுட் மீன் பொரிப்பகம் இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். குளிர்ந்த ஓடை, உருண்டைக் கல்லு, தெளிஞ்ச தண்ணி, அதில் புள்ளிபுள்ளியா ஒரு மீன். சினிமாவில் வர்ற மாதிரி இருக்கும். அது இந்த ஊர் மீன் இல்லை. வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டது. அந்த மீன் நீலகிரிக்கு வந்து சேர்ந்த கதையைப் படிச்சுக்கிட்டிருந்தபோது, அதே காலத்துல நம்ம கொசஸ்தலை ஆத்துல என்ன நடந்தது என்று பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். ரெண்டும் ஒரே கதையோட ரெண்டு முனை என்று எனக்குத் தோணுது. அதைத்தான் எழுதறேன்.

கொசஸ்தலை என்றால் சென்னையில் பாதிப் பேருக்குத் தெரியாது. கூவம் தெரியும், அடையாறு தெரியும். மூணாவது ஆறு இதுதான், அதுவும் மூணுலயும் பெரிசு. பூண்டி ஏரிக்குத் தண்ணி கொண்டுவர்றது இதுதான். அங்கேயிருந்து தாமரைப்பாக்கம், காரனோடை, வல்லூர் அணைக்கட்டு, நாப்பாளையம் என்று வந்து எண்ணூர் கழியில் கலந்து கடலுக்குப் போகுது. 136 கிலோமீட்டர் நீளம். திருவொற்றியூருக்கு வடக்கே, அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு நடுவுல நீங்க பார்க்கிற அந்த அகலமான தண்ணிதான் இதோட கடைசி. நான் விவசாயம் பண்றது வல்லூர் அணைக்கட்டுக்கு மேலே, ஆத்தங்கரையில். அணைக்கட்டுக்கு மேலே நல்ல தண்ணி, கீழே கடல்தண்ணி ஏறி இறங்குற உப்புத்தண்ணி. அந்த ஒரு சுவர்தான் ரெண்டு உலகத்துக்கும் எல்லை.

முதல்ல டிரவுட் கதை. 1860-கள். மதராஸ் ராணுவத்துல பிரான்சிஸ் டே என்று ஒரு மருத்துவர். நோயாளிகளைப் பார்த்த நேரத்தைவிட மீனைப் பார்த்த நேரம்தான் அவருக்கு அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்தியாவின் மீன்களைப் பற்றி அவர் எழுதின பெரிய புத்தகம் 1875-லிருந்து 1878 வரை பகுதி பகுதியா வந்தது. அதுல ஒவ்வொரு மீனுக்கும் தமிழ்ப் பேர், தெலுங்குப் பேர், மலையாளப் பேர் எல்லாம் கேட்டு எழுதி வெச்சிருக்கார். அந்தப் பேரையெல்லாம் அவருக்குச் சொன்னது யாரு? வலையோட கரையில உட்கார்ந்திருந்தவங்கதான். அவங்க பேர் புத்தகத்துல இல்லை.

இந்த டே 1863-ல் இங்கிலாந்திலிருந்து டிரவுட் முட்டைகளை நீலகிரிக்குக் கொண்டுவர முயற்சி பண்ணினார். சூயஸ் கால்வாய் திறந்தது 1869-ல். அதுக்கு முன்னாடி ஆப்பிரிக்காவைச் சுத்தி வரணும், இல்லேன்னா எகிப்துல இறங்கித் தரைவழியா செங்கடலுக்குப் போய் மறுபடி கப்பல் ஏறணும். டிரவுட் முட்டைக்குக் குளிர்ச்சி வேணும், வெப்பம் தாங்காது. முட்டைகள் பிழைக்கலை. 1866-ல் ஊட்டி தாவரவியல் பூங்காவை நிர்வகிச்ச மெக்ஐவர், மீனாகவே கொண்டுவந்தார். கூட வந்த கார்ப், டென்ச் மாதிரி மீன்கள் ஊட்டி ஏரியில நிலைச்சது. டிரவுட் நிலைக்கலை. இதே சமயத்துல, 1864-ல், இங்கிலாந்துலேர்ந்து பனிக்கட்டியும் பாசியும் வெச்சு மூடின பெட்டிகளில் முட்டைகளைக் கப்பலேத்தி, உலகத்தோட அந்தக் கோடியில இருக்கிற டாஸ்மேனியாவுல பொரிக்க வெச்சுட்டாங்க. இங்கே அந்த அதிர்ஷ்டம் இல்லை. பிறகும் பல பேர் பல தடவை முயற்சி பண்ணினாங்க. நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. கடைசியா மதராஸ் அரசாங்கம் மீன்வளர்ப்பு நிபுணர் என்று ஹெச்.சி. வில்சனை வெச்சு, இலங்கையிலிருந்து வானவில் டிரவுட்டைக் கொண்டுவந்து, 1907 வாக்கில் அவலாஞ்சியில் பொரிப்பகம் கட்டின பிறகுதான் அந்த மீன் நின்னுது.

இவ்வளவு பாடு எதுக்கு? சாப்பாட்டுக்கு இல்லை. லீவுல மலைக்குப் போற துரைமாருக்குத் தூண்டில் போட ஒரு ஊர்ப்பழக்கமான மீன் வேணும், அவ்வளவுதான். நீலகிரியில் வேட்டை விலங்குக்கும் மீனுக்கும் பாதுகாப்புச் சட்டம் 1879-லேயே வந்துடுச்சு. எந்த ஓடையில யார் எப்போ தூண்டில் போடலாம் என்று உரிமம், பருவம் எல்லாம் வந்தது. நான் இதைக் குத்தமா சொல்லலை. ஒரு ஓடை மேல ஒரு அரசாங்கம் இவ்வளவு அக்கறை எடுத்துக்க முடியும் என்கிறதுக்கு அது ஒரு அத்தாட்சி.

சமவெளியில தூண்டில் போட்ட துரைமாரும் உண்டு. ஹென்றி சல்லிவன் தாமஸ் என்று மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஒருத்தர். இந்தியாவில் தூண்டில் போடுறதைப் பத்தி 1873-ல் ஒரு புத்தகம் எழுதினார். அப்புறம் 1887-ல், ஏரி குளங்களில் தூண்டில் போடுறதுக்கென்றே தனியா இன்னொரு புத்தகம். மலை டிரவுட் கிடைக்காதவன் என்ன பண்ணுவான்? ஏரிக் கெண்டையைப் பிடிப்பான். இந்த ஒரு விஷயத்துக்காக எனக்கு அந்த மனுஷனைப் பிடிக்கும். இருக்கிற தண்ணியில இருக்கிற மீனை மதிச்சிருக்கார்.

இப்போ கீழே வர்றேன்.

டிரவுட் முட்டைக்காகக் கப்பல் தேடிக்கிட்டிருந்த அதே வருஷங்களில்தான் மதராஸ் பட்டணத்துக்குக் குடிதண்ணி தேடிக்கிட்டிருந்தாங்க. அதுவரைக்கும் கோட்டைக்கு ஏழுகிணறு, மத்தவங்களுக்கு வீட்டுக் கிணறு, கோயில் குளம். பொதுப்பணித் துறை பொறியாளர் ஃபிரேசர் 1866-ல் ஒரு திட்டம் கொடுத்தார். கொசஸ்தலை ஆத்துக்குக் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டு கட்டி, தண்ணியை வாய்க்கால் வழியா சோழவரம் ஏரிக்குத் திருப்பி, அங்கேயிருந்து புழல் ஏரி, அங்கேயிருந்து கீழ்ப்பாக்கம். 1872-ல் பட்டணத்துக்குத் தண்ணி போச்சு. நீங்க இன்னைக்குக் குழாயைத் திறந்தா வர்றதுல ஒரு பங்கு அந்த வருஷத்துலேர்ந்து வர்ற தண்ணிதான். ராயபுரத்துலேயும் வண்ணாரப்பேட்டையிலேயும் இருந்த ஜனங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். காலரா வந்த ஊரு அது. தண்ணி போனதுல எனக்கு வருத்தம் இல்லை. ஆனா ஆத்துக்கு அன்னிக்கு என்ன ஆச்சு என்று யாரும் எழுதி வைக்கலை.

ஆத்து மீனில் ரெண்டு ஜாதி உண்டு. ஒண்ணு, பிறந்த மடுவிலேயே வளர்ந்து சாகிறது. இன்னொண்ணு, நடக்கிற மீன். நடக்கிறது என்று எங்க பக்கம் சொல்றது விளையாட்டுக்கு இல்லை. ஐப்பசி மழையில புதுத்தண்ணி வந்ததும் கெண்டை, கெளுத்தி, ஆரால், விரால் எல்லாம் ஆத்தை விட்டு வாய்க்காலுக்கும், வாய்க்காலை விட்டு ஏரிக்கும், ஏரிக் கலங்கல் வழியா எதிரேறி வயலுக்கும் வரும். முட்டை போடத்தான் வருது. பனையேறி என்று ஒரு மீன் இருக்கு, செவுளை ஊணி ஈரத்தரையில நகரும். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் இருந்தபோது டால்டார்ஃப் என்கிற ராணுவ அதிகாரி, 1791-ல் அது பனைமரத்தில் ஏறிக்கிட்டிருந்ததைத் தன் கையால பிடிச்சதா எழுதி, அது லண்டன் வரைக்கும் போய்ப் படிக்கப்பட்டது. மரம் ஏறுமா என்று இன்னைக்கும் விஞ்ஞானிகளுக்குள்ள சண்டை. வரப்பு ஏறும், அதுக்கு நான் சாட்சி.

இந்த நடக்கிற மீன்களிலே பெரிய நடை விலாங்குக்குத்தான். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்று ஆளைத் திட்டறதுக்குச் சொல்வோமே, அந்த விலாங்கு. பார்க்கப் பாம்பு மாதிரி இருக்கிறதால எங்க ஊர்ல பாதி வீட்டுல சமைக்க மாட்டாங்க. சமைக்கிற வீட்டுல அதுக்கு மேல ருசி இல்லை என்பாங்க. அது எங்க பிறக்குது என்று கேட்டா சேத்துல பிறக்குது என்பார் எங்க தாத்தா. கிரேக்கத்து அரிஸ்டாட்டிலும் அதையேதான் சொன்னார்னு பிற்பாடு படிச்சேன். அதுல ஒரு திருப்தி. உண்மையில விலாங்கு பிறக்கிறது ஆழ்கடல்ல. ஐரோப்பாவோட விலாங்கு எங்கே முட்டை போடுதுன்னு கண்டுபிடிக்க, டென்மார்க்கைச் சேர்ந்த யோஹானஸ் ஷ்மிட் கப்பலை எடுத்துக்கிட்டு அட்லாண்டிக் கடல் முழுக்க வருஷக்கணக்கா குஞ்சுகளை வலைபோட்டு அளந்து, 1920-களில்தான் சர்காசோ கடல் என்று சொன்னார். நம்ம பக்கத்து விலாங்கும் அதே வழிதான். கடல்ல பிறந்து, கண்ணாடி மாதிரி உடம்போட மிதந்து கரைக்கு வந்து, முகத்துவாரம் வழியா ஆத்துக்குள்ள ஏறும். நல்ல தண்ணியில வருஷக்கணக்கா வளரும். முத்தினதும் ஒரு மழைக்கால ராத்திரியில கடலைப் பார்க்கத் திரும்பிப் போயிடும். போனது திரும்பாது. முட்டை போட்டுச் செத்துடும்.

அப்போ எங்க வயல் மடையில ஒரு விலாங்கு மாட்டினா அதுக்கு அர்த்தம் என்ன? எண்ணூர் வாய் திறந்திருக்கு, கழியில தண்ணி ஓடுது, அணைக்கட்டைத் தாண்ட அதுக்கு வழி கிடைச்சிருக்கு, நடுவுல விஷம் எதுவும் இல்லை. கடல்லேர்ந்து ஏரி வரைக்கும் ஆறு அறுந்துபோகாம இருந்தது என்கிறதுக்கு அது ரசீது மாதிரி. டிரவுட்டை மனுஷன் தலையில தூக்கிக்கிட்டு மலைக்குக் கொண்டுபோனான். விலாங்கு தானா நடந்து வந்தது. வழியை மட்டும் மறிக்காம இருந்தாப் போதும்.

டேயும் அணைக்கட்டுகள் மீன் ஏறுறதைத் தடுக்குது என்று எழுதினார். முக்கியமா கொள்ளிடம் மாதிரி பெரிய ஆறுகளில் உல்லம் மீன் மேலே ஏற முடியாம அணையடியில முட்டிக்கிட்டு நிக்கிறதைப் பத்தி. மீன் ஏற வழி வெச்சுக் கட்டணும் என்றார். ஆனா அவர் 1873-ல் கொடுத்த அறிக்கையில இன்னொரு குத்தவாளியும் இருந்தான். அது நாங்க. வரப்பு மடையில பறி வெச்சு மீன்குஞ்சைப் பிடிக்கிறான், சின்னக் கண்ணி வலை போடறான், விவசாயி மீன் வம்சத்தையே அழிக்கிறான் என்று. பறி என்றால் மூங்கிலிலோ ஓலையிலோ பின்னின கூடு. மீன் உள்ளே போகும், திரும்ப வராது. ராத்திரி மடையில வெச்சுட்டு வந்தா காலையில குழம்புக்கு ஆச்சு. அவர் சொன்னதுல பொய் இல்லை. ஆனா அந்தப் பறி அவர் பிறக்கிறதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியிலேர்ந்து இருந்தது, மீனும் இருந்தது. புதுசா வந்தது அணைக்கட்டு. 1897-ல் இந்திய மீன்பிடிச் சட்டம் வந்தபோது தண்ணியில வெடி போடறதும் விஷம் கலக்கறதும் குத்தம் என்று ஆச்சு. நல்ல சட்டம்தான். விஷம் என்று அன்னிக்கு நினைச்சது எதை? குளத்துல காயையும் பட்டையையும் இடிச்சுப் போட்டு மீனை மயக்கறதை.

எங்க பக்கத்து மீன்பிடிப்பு தாமஸ் எழுதின மாதிரி தூண்டிலும் பொறுமையும் மட்டும் இல்லை. பருவத்துக்கு ஒண்ணு. சம்பா நடவு சமயத்துல பறி. ஆத்துல வெள்ளம் வடிஞ்சு தெளியும்போது வீச்சு வலை. நவரை அறுவடை ஆகி ஏரி வத்துறப்போ, அடிப்பக்கம் இல்லாத கூடையைச் சேத்துத் தண்ணியில குத்திக் குத்திக் கவுத்து, மேலே கையை விட்டு மீனை எடுக்கிறது. விராலுக்கு இதுதான் லாயக்கு. ஏரி மீன் ஊர்ப் பொது. மீன்பாசி குத்தகை என்று ஏலம் விடுவாங்க. வர்ற காசு கோயிலுக்கோ ஊர்ச் செலவுக்கோ போகும். குத்தகைக்காரன் பெரிய மீனை அடிச்சுக்கிட்டுப் போன பிறகு, மிச்சத்தை ஊரே இறங்கிப் பிடிக்கும். ஆத்து மீனுக்கு ஏலம் கிடையாது. பிடிச்சவன் மீன்.

அணைக்கட்டுக்குக் கீழே கணக்கே வேற. அங்கே பட்டினவர்களும் இருளர்களும். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் எல்லாம் அங்கேதான். கழியில வலை போடறதுக்கு எண்ணூர்லேயும் பழவேற்காட்டுலேயும் பாடு என்று ஒரு முறை உண்டு. நல்ல இடம் எது, யாருக்கு எந்த நாள் என்று ஊருக்குள்ள முறை வெச்சு, மாத்தி மாத்திக் கொடுப்பாங்க. பணக்காரன் நல்ல இடத்துலேயே கடையைப் போட்டு உட்கார முடியாது. பொருளாதாரம் படிக்கிறவங்க இப்போ வந்து இதை ஆராய்ச்சி பண்றாங்க. ஆனா பாடு முறையில இருளருக்கு இடம் கிடையாது, அதையும் சொல்லணும். அவங்க வலை இல்லாமலே பிடிப்பாங்க. இருளர் பெண்கள் கழுத்தளவு தண்ணியில உட்கார்ந்தபடி நகர்ந்து, ரெண்டு கையாலும் சேத்தைத் தடவி இறாலைப் பிடிச்சு, பல்லுல கடிச்சுத் தொங்கவிட்ட பறியில போட்டுக்கிட்டே போவாங்க. வெள்ளை இறால், டைகர் இறால், நண்டு. விரலுக்கு மட்டும்தான் அங்கே கண்ணு. அந்தச் சேறு என்னவா இருக்கு என்கிறதை அந்த விரலுக்கு மேல எந்த மெஷினும் சொல்லாது.

எண்ணூருக்குத் துரைமாரும் வந்திருக்காங்க. கம்பெனி காலத்துல அது உல்லாச இடம். கழி ஓரத்துல பங்களா, படகு, பறவை வேட்டை, மீன் விருந்து. கோக்ரேன் கால்வாய் 1806-ல் பட்டணத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் திறந்தது. உப்பு, விறகு, சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் எல்லாம் அதுலதான் பட்டணம் போச்சு. 1877-78 பஞ்சத்துல கூலிக்குப் பதில் கஞ்சி என்று ஜனங்களை வெச்சு அதை வெட்டி நீட்டினாங்க. அப்போ கவர்னரா இருந்தவர் பேர்ல அது பக்கிங்காம் கால்வாய் ஆச்சு. ஒரு காலத்துல ஜனங்கள் காத்து வாங்க எண்ணூருக்குப் போனாங்க என்று இன்னைக்கு எண்ணூர்ல இருக்கிறவங்ககிட்ட சொல்லிப் பாருங்க.

அடுத்தது பூண்டி. மேயரா இருந்த சத்தியமூர்த்தி முயற்சியால 1940-ல் வேலை ஆரம்பிச்சு, 1944-ல் முடிஞ்சு, அவர் பேரையே வெச்சாங்க. அவர் அதைப் பார்க்கலை, 1943-லேயே போயிட்டார். அணைக்கட்டு வேற, நீர்த்தேக்கம் வேற. அணைக்கட்டு மேல வெள்ளத்துல தண்ணி வழியும். சின்ன விலாங்கு ஈரச் சுவரைப் பிடிச்சுக்கூட ஏறும், பெரிசு ராத்திரியில புல்லு மேல ஊர்ந்தும் சுத்தி வரும். பூண்டியில அந்தப் பாச்சா பலிக்காது. அதோட, பூண்டி மூடியிருக்கிற மாசமெல்லாம் கீழே ஆறு என்று பேர்தான். மணல்தான் ஓடும், லாரியில. ஆத்துக்கு வருஷத்துல ஓடுற நாள் குறைஞ்சுபோச்சு. ஓடாத ஆத்துல நடக்கிற மீன் எங்கே நடக்கும்?

ஆனா ஆத்தை உண்மையில அறுத்தது 1960-களுக்குப் பிறகுதான் என்பது என் முடிவு. மணலியில் சுத்திகரிப்பு ஆலை 1969-ல் ஓட ஆரம்பிச்சது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970. உரத் தொழிற்சாலை, அப்புறம் இன்னும் பல. இதுக்கெல்லாம் தண்ணி வேணும். ஐ.நா. உதவியோட 1960-களோட கடைசியில நடந்த ஆய்வு, ஆரணியாறு-கொசஸ்தலை படுகையில, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம் நிலத்தடித் தண்ணி நிறைய இருக்கு என்று காட்டிக் கொடுத்துடுச்சு. கிணறு தோண்டி உறிஞ்சினாங்க. ஆலைக்குப் போச்சு, பட்டணத்துக்குப் போச்சு, எங்க மோட்டாருக்கும் வந்தது. பூமிக்குள்ள நல்ல தண்ணி இறங்கினா அந்த இடத்துக்குக் கடல் வரும். 1969-ல் கரையிலிருந்து 3 கிலோமீட்டர் வரைக்கும் உப்பு ஏறியிருந்தது. 1983-ல் 9 கிலோமீட்டர். அதுக்கு மேலேயும் வந்துடுச்சு. மீஞ்சூர் பக்கம் கிணத்துல இறைச்ச தண்ணியில நெல்லு கருகினதை நான் சின்ன வயசுல பார்த்திருக்கேன். 2000-க்குப் பிறகு, பட்டணத்துல பஞ்சம் வந்தபோதெல்லாம், எங்க பக்கத்து விவசாயிகளோட கிணத்துலேர்ந்து குடிநீர் வாரியம் தண்ணி வாங்கினது. நெல்லைவிடத் தண்ணிக்கு நல்ல விலை. வித்தவங்களைத் திட்ட எனக்கு மனசு வராது. சொர்ணவாரி போட்டு நஷ்டப்பட்டவனுக்கு அது உறுதியான காசு. 2010-ல் மீஞ்சூர் பேரைச் சொல்லிக் காட்டுப்பள்ளியில கடல்தண்ணியை நல்ல தண்ணி ஆக்குற ஆலை வந்தது, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். மீஞ்சூர்ல நல்ல தண்ணியைக் கடல்தண்ணி ஆக்கினது நாற்பது வருஷம். அதை மறுபடி நல்ல தண்ணி ஆக்குறதுக்கு மின்சாரம். அந்த மின்சாரத்துக்கு நிலக்கரி. நிலக்கரிக்குச் சாம்பல். சாம்பலுக்குக் கொசஸ்தலை.

சாம்பல் கதை உங்களில் பல பேருக்குத் தெரியும். வட சென்னை அனல்மின் நிலையத்துச் சாம்பல் தண்ணியில கரைச்சுக் குழாய் வழியா செப்பாக்கம் குட்டைக்குப் போகுது. குழாய் ஒழுகின இடமெல்லாம் கழி தூர்ந்து, முட்டி ஆழத்துக்கு வந்துடுச்சு. ஆழம் இருந்த இடத்துலதான் பாடு. 2017 ஜனவரியில காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினது. ஜனங்க வாளியில அள்ளினதை டி.வி.யில பார்த்திருப்பீங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியா கழிக்கு வந்து, காட்டுக்குப்பத்துல படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. கூழைக்கடாவெல்லாம் எண்ணெயில ஊறி நின்னுது. அதே மாசக் கடைசியில பெரியகுப்பத்துல அம்மோனியா. பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் எல்லாம் போச்சு. 1897 சட்டத்துல விஷம் போட்டு மீன் பிடிக்கிறவனுக்குத் தண்டனை இருக்கு. மீன் பிடிக்கிற எண்ணமே இல்லாம விஷம் விடறவனைப் பத்தி அந்தக் காலத்துல யாரும் யோசிக்கலை.

இப்போ டிரவுட்டுக்குத் திரும்பி வர்றேன், ஏன்னா வெளியூர் மீன் கதை முடியலை. 1952-ல் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த திலாப்பியாவை இந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டாங்க. ஏழைக்கு மலிவா மீன் கிடைக்கும் என்று. அதுதான் நீங்க வாங்கற ஜிலேபிக் கெண்டை. நாற்பது வருஷம் மெனக்கெட்டும் டிரவுட் நாலு ஓடையைத் தாண்டலை. ஜிலேபி ஒரே தலைமுறையில எல்லா ஏரியையும் பிடிச்சுக்கிச்சு. அப்புறம் தடை இருந்தும் உள்ளே வந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி. அப்புறம் கண்ணாடித் தொட்டியிலேர்ந்து தப்பிச்ச டேங்க் கிளீனர், வலையில விழுந்தா வலையே கிழியும், திங்கவும் ஆகாது. கடைசியா வந்தது காக்கா ஆழி. தென் அமெரிக்கக் கடற்கரையைச் சேர்ந்த ஒரு சின்ன மட்டி, கறுப்பா இருக்கும். கப்பல் பாரத்துக்கு அடியில நிரப்பி வர்ற தண்ணியிலேயோ, கப்பலோட வயித்துல ஒட்டிக்கிட்டோ வந்திருக்கும் என்கிறாங்க. கடந்த சில வருஷத்துல எண்ணூர் கழியோட அடித்தரையில பாய் விரிச்ச மாதிரி படர்ந்துடுச்சு. அந்தப் பாய்க்குக் கீழே சேறு மூச்சு விடாது, இறால் புதையாது. கையால தடவிப் பிடிக்கிற பெண்களுக்கு விரல் கிழியுது. டிரவுட்டுக்கு ஐஸ் பெட்டி, பாசி, நிபுணர், பொரிப்பகம், சட்டம் எல்லாம் தேவைப்பட்டது. காக்கா ஆழிக்கு ஒரு துறைமுகம் போதுமா இருந்தது.

எங்க பக்கம் என்ன மிச்சம் என்று கேட்பீங்க. 2021 நவம்பர் வெள்ளத்துல மணலி புதுநகருக்குள்ள ஆறு புகுந்தது ஞாபகம் இருக்கும். 2015, 2021, 2023 மாதிரி வருஷங்களில் ஆறு கடல் வரைக்கும் ஒரே தண்ணியா நிக்கும், அணைக்கட்டு முழுகிடும். உங்களுக்கு அது பேரிடர். வீட்டுல தண்ணி புகுந்தவங்க கஷ்டத்தைக் குறைச்சுச் சொல்லலை. எங்க நெல்லும்தான் படுத்துப்போச்சு. ஆனா அந்த ரெண்டு மூணு வாரம் மட்டும் ஆறு பழைய ஆறு. மடவை அணைக்கட்டுக்கு மேலே வந்து குதிக்கும். வடிஞ்ச பிறகு மடுவுல வலை போட்டா பத்துக்கு எட்டு ஜிலேபி, கொஞ்சம் கெண்டை, ஒரு குறவை. அயிரையைப் பார்த்து ரொம்ப நாளாச்சு.

விலாங்கு அடியோடு போகலை. 2023 வெள்ளம் வடிஞ்ச தை மாசத்துல, பக்கத்து ஊர் இருளர் பையன் ஒருத்தன் வாய்க்கால் மதகுக்குக் கீழே கல் இடுக்குலேர்ந்து ஒண்ணைப் பிடிச்சான். முழங்கை நீளம், வயிறு மஞ்சள். அவ்வளவு நீளத்துக்கு வளர்றதுக்குச் சில வருஷமாவது ஆகும். அப்போ அது ஏறி வந்தது 2023-ல் இல்லை. அதுக்கு முன்னாடி ஏதோ ஒரு மழையில, சாம்பலையும் எண்ணெயையும் தாண்டி எண்ணூர் வாய்க்குள்ள நுழைஞ்சு மேலே வந்திருக்கு. என்ன விலைக்குக் கொடுப்பே என்று கேட்டேன். விக்கலைண்ணா, வீட்டுக்கு, என்றான்.